லேசர் முதல் திசு வரை: மருத்துவ ஒளியியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு

இந்த ஆய்வகத்துக்கு வருபவர்களில் இயற்பியல் படித்தவர் உண்டு, மின்னணுவியல் படித்தவர் உண்டு, உயிரியலோ மருத்துவமோ முடித்துவிட்டு வருபவரும் உண்டு. திசுவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவருக்கு லென்ஸை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியாது. லென்ஸ் தெரிந்தவருக்கு ரத்தம் தோய்ந்த மாதிரியைக் கையாளத் தெரியாது. இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இந்த வழிகாட்டி.

வேலை நடக்க வேண்டிய வரிசை இது: பாதுகாப்பு, மேசை, கற்றை, ஃபைபர், டிடெக்டர், ஃபேன்டம் (ஒளியியல் எண்கள் முன்பே தெரிந்த போலித் திசு), கடைசியில் திசு. விடை தெரிந்த பொருளைச் சரியாக அளந்து காட்டாத கருவியை, விடை தெரியாத பொருளின்மேல் வைக்கக் கூடாது. புதியவர்கள் மாதக்கணக்கில் இழப்பது பெரும்பாலும் ஃபேன்டத்தைத் தாண்டிக் குதித்து நேராகத் திசுவுக்குப் போவதால்தான்.

யாரிடம் எதைக் கேட்பது

பேராசிரியர் ஆய்வின் திசையைத் தீர்மானிப்பார். ஆனால் எந்த மவுன்ட் (லென்ஸையோ மிரரையோ பிடித்து நிறுத்தும் தாங்கி) எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த லேசர் சூடேற நேரமெடுக்கும் என்பதெல்லாம் மூத்த ஆய்வு மாணவருக்கும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளருக்கும்தான் தெரியும். லேசர் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவருடைய பயிற்சியை முடித்துக் கையெழுத்துப் பெறாமல் எந்த லேசரையும் இயக்காதீர்கள். மருத்துவர்கள் மருத்துவமனைப் பக்கம் இருப்பார்கள். அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு இடையே உள்ள சில நிமிடங்கள்தான். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

மேசைமேல் இருக்கும் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரைக் கேட்காமல் ஒரு குமிழைக்கூடத் திருகாதீர்கள். கால் சுற்றுத் திருகினாலே ஒளிப்பாதையை நேராக்கிய ஒரு வாரத்து வேலை, அதாவது அலைன்மென்ட், போய்விடும். யார் தொட்டது என்று தெரியாததால் அவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

லேசரை இயக்கும் முன்

கண்ணுக்குத் தெரியும் லேசர்களில் 1 மில்லிவாட் வரை இரண்டாம் வகுப்பு. கண் கூசி இமை மூடிக்கொள்ளும் 0.25 நொடிதான் அங்கே பாதுகாப்பு. 5 மில்லிவாட் வரை 3ஆர், 500 மில்லிவாட் வரை 3பி, அதற்கு மேல் நான்காம் வகுப்பு. நான்காம் வகுப்பில் சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கலாம். தோலைச் சுடும், தீப்பற்றவும் வைக்கும்.

எண்களை விட அலைநீளத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் குவித்துவிடுகிறது. கருவிழியில் விழும் ஒளிச்செறிவு விழித்திரையை அடையும்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்காகிறது. திசுவில் ஆழமாகப் போக நாம் விரும்பிப் பயன்படுத்துவதோ 700க்கு மேற்பட்ட அகச்சிவப்பு. 785 நானோமீட்டர் ஒளி மங்கலான சிவப்பாகத் தெரியும், அதனால் வலு குறைவு என்று தோன்றும். கண் அந்த அலைநீளத்தை உணர்வது மிகக் குறைவு, அவ்வளவுதான். கற்றை வலுவாகவே இருக்கிறது. 1064இல் ஒன்றுமே தெரியாது, இமையும் மூடாது.

பாதுகாப்புக் கண்ணாடியின் சட்டத்தில் அலைநீள எல்லையும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் 'ஓடி' (ஒளி அடர்த்தி) எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். ஓடி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஓடி 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். பச்சை 532க்கான ஆரஞ்சு நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 785 லேசர் முன் நிற்பது வெறுங்கண்ணோடு நிற்பதற்குச் சமம். ஒவ்வொரு முறையும் எண்ணைப் படித்துவிட்டு மாட்டுங்கள். நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கற்றையின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பல மேசைகளில் கற்றை நேராகக் கண்மட்டத்தில்தான் வரும். கீழே விழுந்த திருகை எடுக்கக் குனிந்து நிமிரும் அந்த நொடி மிக ஆபத்தானது; முதலில் ஷட்டரை மூடிவிட்டுக் குனியுங்கள்.

அகச்சிவப்பைப் பார்க்க ஐஆர் கார்டு உண்டு. அதில் சில வகைகளை முதலில் அறை வெளிச்சத்தில் காட்டி ஏற்ற வேண்டும். ஒரே இடத்தில் கற்றை விழுந்துகொண்டிருந்தால் அந்தப் புள்ளி மங்கிவிடும், கார்டை மெல்ல நகர்த்திக்கொண்டே பார்க்க வேண்டும். 'கற்றை காணாமல் போய்விட்டது' என்று திகைப்பவர்கள் பலர், மங்கியது கார்டுதான். மேலே பிளாஸ்டிக் உறை உள்ள கார்டு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியடிக்கும், ஆகவே அதைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள்.

மேசை, திருகு, போஸ்ட்

ஆப்டிகல் டேபிளில் துளைகள் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அது மெட்ரிக், எம்6 திருகு. ஓர் அங்குல இடைவெளியானால் கால் அங்குலத் திருகு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்: ஒன்று 6 மில்லிமீட்டர், மற்றது 6.35. தவறான திருகு ஒன்றிரண்டு சுற்று உள்ளே போய் இறுகும். அந்த இடத்தில் ஆலன் கீயை அழுத்தித் திருகினால் மேசையின் மரையே போய்விடும். விரலால் மூன்று நான்கு சுற்று தடையில்லாமல் போகாத திருகைக் கீயால் தொடாதீர்கள். மவுன்டுகளில் வரும் எம்4க்கும் அதன் அங்குல வகைக்கும் இதே குழப்பம் உண்டு. இரண்டு வகையையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

நீளமான திருகு இன்னொரு சிக்கல். துளையின் அடியில் போய் முட்டியதும் கைக்கு இறுகியதுபோல் தெரியும், ஆனால் மேலே உள்ள பேஸ் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் இறுக்கியபின் பக்கவாட்டில் விரலால் தள்ளிப் பாருங்கள்.

கற்றையின் உயரத்தை முதலிலேயே முடிவு செய்து (100 மில்லிமீட்டர் வசதியான உயரம்) மேசை முழுதும் அதையே வைத்திருங்கள். மவுன்டைத் தாங்கும் கம்பம், அதாவது போஸ்ட், குட்டையாக இருக்கும் அளவுக்கு அதிர்வு குறையும். காற்றில் மிதக்கும் மேசையில் முழங்கையை ஊன்றினால் மேசையே சாயும். குறுக்கீட்டு அளவீடு நடக்கும்போது யாரும் சாய்ந்து நிற்கக் கூடாது.

சுத்தம் செய்வது

அவசியம் இல்லையென்றால் செய்யாதீர்கள். துடைப்பதால் கெட்ட லென்ஸ்கள்தான் தூசியால் கெட்டவற்றைவிட அதிகம். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து, முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும். தூசியோடு துடைத்தால் அந்தத் துகளே கீறலைப் போடும்.

கறை இன்னும் இருந்தால், லென்ஸ் டிஷ்யூவை மேற்பரப்பின்மேல் விரித்து, ஒரு சொட்டு தூய ஐசோபுரொப்பனால் அல்லது மெத்தனால் விட்டு, ஈரம் காயும் வேகத்தில் ஒரே திசையில் மெல்ல இழுங்கள். அதே டிஷ்யூவை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அசிட்டோன் கண்ணாடிக்கு நல்லது, பிளாஸ்டிக் லென்ஸைக் கரைத்துவிடும். கிரேட்டிங், மேற்பூச்சுப் பாதுகாப்பு இல்லாத தங்க, அலுமினிய மிரர்கள் ஆகியவற்றின் முகத்தை எதைக் கொண்டும் தொடக் கூடாது. ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கற்றையை நேராக்குவது

இரண்டு மிரர், இரண்டு ஐரிஸ் (நடுத்துளையைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் முடிகிற தடுப்பு). இந்த ஆய்வகத்தில் கைவர வேண்டிய முதல் திறமை இதுதான். இது வந்துவிட்டால் மற்ற எல்லா அமைப்பும் இதன் விரிவுதான்.

1. லேசரை ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே குறையுங்கள். குறைக்க முடியாவிட்டால் ஒளியின் அளவைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். மிரர் மவுன்டுகளின் குமிழ்களை அவற்றின் ஓட்டத்தின் நடுவில் வையுங்கள், இரு பக்கமும் திருக இடம் இருக்கட்டும்.

2. இரண்டு ஐரிஸையும் ஒரே உயரத்தில் அமையுங்கள். முதல் ஐரிஸ் இரண்டாம் மிரருக்கு மிக அருகில் இருக்கட்டும். இரண்டாம் ஐரிஸ் முடிந்தவரை தொலைவில் இருக்கட்டும். இரண்டுக்கும் மேசையின் ஒரே துளை வரிசையைப் பிடித்துக்கொண்டால் கற்றை மேசைக்கு இணையாகப் போகும்.

3. முதல் மிரரைத் திருகி, கற்றையை அருகிலுள்ள ஐரிஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

4. அந்த ஐரிஸைத் திறந்துவிட்டு, இரண்டாம் மிரரைத் திருகித் தொலைவிலுள்ள ஐரிஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

5. அருகிலுள்ளதை மறுபடி பாருங்கள், கொஞ்சம் விலகியிருக்கும். மூன்றாம் நான்காம் படிகளைத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் விலகல் குறைந்துகொண்டே வரும்.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வது முக்கியம். இரண்டாம் மிரருக்கு அருகிலேயே முதல் ஐரிஸ் இருப்பதால், அந்த மிரரின் சாய்வு அங்கே கற்றையை ஏறக்குறைய நகர்த்துவதில்லை. தொலைவிலுள்ளதில் மட்டும் நிறைய நகர்த்துகிறது. சுற்றுக்குச் சுற்று விலகல் கூடிக்கொண்டே போனால் மிரர்களை மாற்றித் திருகுகிறீர்கள் என்று பொருள். குமிழ் ஓட்டத்தின் கடைசிக்கு வந்துவிட்டால் கட்டாயப்படுத்தாமல் மவுன்டையே தூக்கி நகர்த்தி வையுங்கள்.

பிறகு லென்ஸ், ஒரு நேரத்தில் ஒன்றுதான். லென்ஸ் வருவதற்கு முன் கற்றை எங்கே விழுந்ததோ, வைத்த பிறகும் அதன் நடு அங்கேயே இருக்க வேண்டும். விலகினால் லென்ஸ் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. லென்ஸிலிருந்து திரும்பி வரும் மங்கலான பிரதிபலிப்பு முந்தைய ஐரிஸின் துளையைச் சுற்றிச் சமமாக விழ வேண்டும். ஒருபக்கம் ஒதுங்கினால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. ஒருபக்கம் தட்டையான லென்ஸில் வளைந்த முகம் இணைகற்றையின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் கோளப் பிறழ்ச்சி கூடிக் குவியம் பரந்துபோகும். படம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று தேடும்போது இதை முதலில் பாருங்கள்.

கற்றை இணையாக இருக்கிறதா என்பதைக் குறைந்தது 3 மீட்டர் தொலைவில் சோதியுங்கள். மேசைக்குள்ளேயே மிரரால் மடக்கிக்கொள்ளலாம். ஷியர் பிளேட் (கற்றையின் இரு பிரதிபலிப்புகளைச் சற்று விலக்கி ஒன்றின்மேல் ஒன்று விழச்செய்து கோடுகளைக் காட்டும் கண்ணாடித் தகடு) இருந்தால் இன்னும் துல்லியம்: கோடுகள் குறிகோட்டுக்கு இணையாக வர வேண்டும்.

ஃபைபர்

ஒரே ஒரு ஒளிவடிவத்தை மட்டும் கடத்தும் ஒற்றைப் பயன்முறை ஃபைபரின் ஒளிப்புலம் (ஒளி ஓடும் வட்டம்) 5 மைக்ரோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதற்குள் ஒளியைச் செலுத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதலில் சரியான லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். π என்ற எண்ணை, கற்றையின் விட்டத்தாலும் ஃபைபரின் ஒளிப்புல விட்டத்தாலும் பெருக்கி, அலைநீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வேண்டிய குவியத் தூரம் கிடைக்கும். கற்றை 2 மில்லிமீட்டர், ஒளிப்புலம் 5 மைக்ரோமீட்டர், அலைநீளம் 785 நானோமீட்டர் என்றால் சரியாக 10 மில்லிமீட்டர்.

முதலில் 50 மைக்ரோமீட்டர் உள்ளகம் கொண்ட பல்பயன்முறை ஃபைபரை அதே இடத்தில் மாட்டி உச்சத்தைப் பிடியுங்கள். பிறகு ஒற்றைப் பயன்முறை ஃபைபரை மாற்றினால் ஏதோ கொஞ்சம் ஒளி வரும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம். அப்படியும் வரவில்லையென்றால், ஃபைபரின் மறுமுனையிலிருந்து சிவப்பு ஒளியை அனுப்புங்கள். அது லென்ஸ் வழியாக வெளியே வந்து, உள்ளே போக வேண்டிய பாதையை நமக்கு வரைந்து காட்டும். இரண்டு கற்றையும் இரண்டு இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி மிரர்களைத் திருகினால் வேலை முடிந்த மாதிரி. நல்ல கற்றையில் 60 முதல் 70 விழுக்காடு உள்ளே போகும். ஃபைபர் குட்டையாக இருந்தால் உறைப்பகுதியில் ஓடும் ஒளியும் மீட்டரில் சேர்ந்து பொய்யான உச்சத்தைக் காட்டும். ஃபைபரைச் சில சுற்று சுருட்டி வைத்து அளந்தால் அது வடிந்துவிடும்.

இணைப்பிகளில் பச்சை நிறம் ஏபிசி; அதன் முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். பிசி முனை சாய்வில்லாதது. இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டினால் நடுவில் காற்றிடைவெளி விழும், ஒளி பெருமளவு இழக்கும், முனையும் கீறலாம். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் லேசரை அணைத்து, கிளிக் கிளீனரால் இரண்டு முனையையும் துடைத்து, ஃபைபர் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். தூசி இருக்கும்போது ஒளி பாய்ந்தால் அது உள்ளகத்தின் மேலேயே எரிந்து ஒட்டிக்கொள்ளும். தூசி மூடி போட்டிருந்ததால் முனை சுத்தமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்; அந்த மூடிக்குள்ளேயே தூசி உண்டு. ஸ்கோப்பில் பார்க்கும் முன் மறுமுனை எந்த லேசரிலும் மாட்டப்படவில்லை என்பதைக் கையால் தடவி உறுதி செய்யுங்கள்.

டிடெக்டரும் இருட்டும்

பவர் மீட்டரில் அலைநீளத்தை மாற்றாமல் அளப்பது புதியவர்களின் வழக்கமான பிழை. சிலிக்கான் ஒவ்வோர் அலைநீளத்திலும் ஒவ்வொரு அளவு மின்னோட்டத்தைத் தரும். 633க்கு வைத்துவிட்டு 850ஐ அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை.

லேசரையும் கேமராவையும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு அளக்கத் தொடங்குங்கள். புதிய ஒளிமூலம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு அதன் திறனைப் பதிவு செய்து வரைபடமாகப் போடுங்கள். அதில் தெரியும் ஏற்ற இறக்கத்தைவிடச் சிறிய மாற்றத்தை உங்கள் ஆய்வு தேடுகிறதென்றால், ஒப்பீட்டுக்கு ஒரு தனி டிடெக்டர் வேண்டும்.

12 பிட் கேமராவின் உச்ச எண் 4095. மிகப் பிரகாசமான புள்ளி 3000 அளவில் இருக்குமாறு வெளிப்பாட்டு நேரத்தை வையுங்கள். 4095ஐத் தொட்ட பிக்சலில் உண்மையான அளவு தொலைந்தே போய்விட்டது, எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கேமராவை மூடி எடுக்கும் இருட்டுப் படத்தை அதே வெளிப்பாட்டு நேரத்திலும் அதே வெப்பநிலையிலும் எடுங்கள். அதோடு, லேசரை மட்டும் மறைத்து, அறையை அப்படியே விட்டு எடுத்த பின்னணிப் படமும் வேண்டும். இரண்டும் வேறு வேறு. மிக மங்கலான ஒளியை உணரும் ஃபோட்டோமல்டிப்ளையர் இருந்தால், உயர் மின்னழுத்தம் இயங்கும்போது அறை விளக்கைப் போடவே கூடாது.

ஸ்பெக்ட்ரோமீட்டரின் அலைநீளத்தைப் பாதரச-ஆர்கான் விளக்கால் சரிபாருங்கள். 546.07, 763.51, 811.53 நானோமீட்டர் கோடுகள் அந்தந்த இடத்தில் விழ வேண்டும்.

கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும்தான். அகச்சிவப்பு கேமராவில் பார்த்தால் பல கறுப்புத் துணிகள் வெள்ளையாகத் தெரியும், சாயமேற்றிய கறுப்பு அலுமினியம் பளிச்சென்று ஒளியைத் திருப்பும். திசுவைச் சுற்றி மூடுவதற்கு எடுக்கும் எந்தப் பொருளையும் முதலில் உங்கள் அலைநீளத்தில் படமெடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஃபேன்டம் செய்வது

ஃபேன்டம் என்பது திசுவைப் போலவே ஒளியைச் சிதறடிக்கவும் உறிஞ்சவும் செய்யும் போலித் திசு. அதன் இரண்டு எண்களும் நமக்கு முன்பே தெரியும் என்பதுதான் அதன் மதிப்பு. அகச்சிவப்பில் பல மென்திசுக்களின் குறைக்கப்பட்ட சிதறல் கெழு (சிதறும் திசையையும் கணக்கில் எடுத்த அளவு) சென்டிமீட்டருக்கு 10 அளவிலும், உறிஞ்சல் கெழு 0.1 அளவிலும் இருக்கும். அதையே இலக்காக வைத்து 100 மில்லிலிட்டர் அகார் ஃபேன்டம் செய்யும் முறை இது.

தேவையானவை: அகார் 1 கிராம், 20 விழுக்காடு இன்ட்ராலிப்பிட் (ஒளியைச் சிதறடிக்கும் கொழுப்புப் பால்மம்) 5 மில்லிலிட்டர், நீர்த்த இந்தியா இங்க், தூய நீர்.

முதலில் இங்க். அதை நூறு மடங்கு நீர்த்து, பயன்படுத்துவதற்கு முன் அல்ட்ராசானிக் தொட்டியில் 15 நிமிடம் வையுங்கள். கரித்துகள் அடியில் படிந்திருக்கும். பிறகு 1 சென்டிமீட்டர் குவெட்டில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் உங்கள் அலைநீளத்தில் அளந்து, தேவைக்கேற்ப மேலும் நீர்த்து, அப்சார்பன்ஸ் 1க்குக் கொண்டுவாருங்கள். இங்கேதான் மிகப் பலர் விழுகிறார்கள்: கருவி காட்டுவது பத்தின் அடிமான மடக்கை, கெழுவோ இயல் மடக்கையில் வருவது. ஆகவே 2.303ஆல் பெருக்க வேண்டும். அப்சார்பன்ஸ் 1 என்றால் கெழு சென்டிமீட்டருக்கு 2.3. நமக்கு 100 மில்லிலிட்டரில் 0.1 வேண்டும், அதனால் 4.3 மில்லிலிட்டர் இங்க் நீர். 785 நானோமீட்டரில் தண்ணீரே 0.02 அளவு உறிஞ்சும் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இங்க் துகள் கொஞ்சம் சிதறடிக்கவும் செய்யும், ஆகவே குவெட் அளவீடு உண்மையான உறிஞ்சலைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். புட்டிக்குப் புட்டி இங்க் மாறும். பழைய எண்ணை நம்பாமல் ஒவ்வொரு முறையும் அளங்கள்.

1. 90.7 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில் அகாரைத் தூவிக் கலக்குங்கள். சூடான நீரில் போட்டால் கட்டிபிடிக்கும்.

2. பீக்கரோடு எடையைக் குறித்துக்கொண்டு, கலக்கியபடியே 90 முதல் 95 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள். கலங்கல் நீங்கித் தெளிய வேண்டும். மறுபடி எடை போட்டு, ஆவியாகிப் போன நீரைத் திரும்ப ஊற்றுங்கள். இந்தப் படியை விட்டால் சிதறல் எண் ஒவ்வொரு ஃபேன்டத்திலும் ஒவ்வொன்றாக வரும்.

3. இங்க் நீரைச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே 50 முதல் 55 பாகை வரை ஆறவிடுங்கள்.

4. இன்ட்ராலிப்பிட்டை வெதுவெதுப்பாக்கிச் சேருங்கள். கொதிக்கும் கரைசலில் ஊற்றினால் பால்மம் உடையலாம். குளிர்ந்ததை ஊற்றினால் பட்ட இடத்தில் அகார் உறைந்து திட்டுத்திட்டாகும்.

5. குமிழி வராமல் அச்சின் சுவரோரமாக ஊற்றி, மூடி, அசையாமல் உறையவிடுங்கள். மேலே மிதக்கும் குமிழிகளை ஊசியால் உடைத்துவிடலாம்.

பாத்திரம் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். ஒளி உள்ளே போகும் இடத்துக்கும் டிடெக்டருக்கும் 1 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டி நல்லது. இல்லாவிட்டால் ஒளி சுவர்களில் கசிந்து, உறிஞ்சல் கூடியதுபோல் காட்டும்.

மெல்லிய பிளாஸ்டிக்கால் இறுகச் சுற்றி 4 பாகையில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் ஜெல் சிதைந்துவிடும். அளப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, மேலே திரண்ட நீரை ஒற்றியெடுங்கள். சில நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், பிறகு காயும் அல்லது பூஞ்சை பிடிக்கும். மாதக்கணக்கில் நிற்க வேண்டுமானால் டைட்டானியம் டைஆக்சைடு கலந்த சிலிக்கோன் ஃபேன்டம் செய்யலாம். அதில் லேட்டக்ஸ் கையுறை போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் பட்டால் சிலிக்கோன் உறையாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். டைட்டானியத் துகளும் அடியில் இறங்கும், உறையும்வரை அச்சை மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பது நல்லது.

ஒரே ஒரு ஃபேன்டத்தில் எண் ஒத்துப்போனால் கருவி சரி என்று சொல்லிவிட முடியாது. இங்க்கை மட்டும் படிப்படியாகக் கூட்டி ஐந்தாறு ஃபேன்டம் செய்யுங்கள். அளந்த உறிஞ்சல் நேர்கோட்டில் ஏற வேண்டும், அளந்த சிதறல் அசையாமல் நிற்க வேண்டும். உறிஞ்சலோடு சேர்ந்து சிதறலும் ஏறினால் உங்கள் கணிப்பு முறை ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறது. அதைத் திருத்தாமல் ரத்த ஆக்சிஜன் அளவைக் கணக்கிடப் போகாதீர்கள்.

படமெடுக்கும் கருவிகளுக்கு வேறு சோதனை. நுண்ணோக்கிக்கு யுஎஸ்ஏஎஃப் 1951 இலக்குத் தகடு. அதன் ஏழாம் தொகுதி ஆறாம் கோட்டின் அகலம் 2.19 மைக்ரோமீட்டர். 1991இல் அறிமுகமான ஓசிடிக்கு (ஒளியின் குறுக்கீட்டைக் கொண்டு திசுவின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் முறை), மாதிரியின் இடத்தில் என்டி ஃபில்டரோடு ஒரு மிரரை வைத்து ஆழவாட்டில் நகர்த்திக்கொண்டே உச்சியின் அகலத்தைப் பாருங்கள். மைய அலைநீளத்தின் வர்க்கத்தை அலைப்பட்டையால் வகுத்து 0.44ஆல் பெருக்கினால் வர வேண்டிய அகலம் கிடைக்கும். 840 நானோமீட்டர் மையம், 50 நானோமீட்டர் பட்டை என்றால் காற்றில் 6.2 மைக்ரோமீட்டர், 1.38 ஒளிவிலகல் கொண்ட திசுவில் 4.5. அளவு இரண்டு மூன்று மடங்கு வந்தால், கருவியின் இரு கைகளிலும் (மாதிரிக்கும் ஒப்பீட்டு மிரருக்கும் போகும் ஒளிப்பாதைகளிலும்) கண்ணாடியின் அளவு சமமில்லாமல் நிறப்பிரிகை சமன்படாமல் இருப்பதைச் சந்தேகியுங்கள். ஓசிடியில் ஃபைபரை மேசையோடு ஒட்டிவிடுங்கள். அது அசைந்தாலே முனைவாக்கம் மாறிச் சிக்னல் ஏறி இறங்கும்.

திசுவும் மனிதரும்

வெட்டியெடுத்த திசு வந்ததும் நேரத்தை எழுதுங்கள். உப்புக் கரைசலில் நனைத்த துணியால் மூடி ஈரம் காயாமல் வையுங்கள். கரைசலுக்குள்ளேயே ஊறப்போட்டால் ரத்தம் வெளியேறி, ஹீமோகுளோபின் அளவே மாறிவிடும். ஃபார்மலினில் இட்ட திசுவின் சிதறலும் உறிஞ்சலும் உயிர்த்திசுவினுடையவை அல்ல. இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்க்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகே மனிதத் திசுவைத் தொடுங்கள். திசுவைத் தொட்ட கையுறையோடு குமிழையோ விசைப்பலகையையோ தொடக் கூடாது. ஒருவர் திசுவைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் கருவியைப் பார்த்துக்கொள்வதே நல்ல வழி.

மனிதர்மேல் அளக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் ஒவ்வொருவரின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். குழு முதலில் கேட்கும் எண் ஒளியின் அளவுதான். ஐஇசி 60825-1, ஆன்சி இசட்136.1 தரநிலைகளின்படி, பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து படும் ஒளிக்குத் தோலின் எல்லை 400 முதல் 700 நானோமீட்டர் வரை சதுர சென்டிமீட்டருக்கு 0.2 வாட். அதற்கு மேல் அலைநீளத்தோடு எல்லை உயரும்: 785இல் சுமார் 0.3, 850இல் 0.4. உங்கள் ஒளிப்பொட்டு 3.5 மில்லிமீட்டர் விட்டத்தைவிடச் சிறிதானால், திறனை 3.5 மில்லிமீட்டர் வட்டத்தின்மேல் பரப்பியே கணக்கிட வேண்டும். அதன் பரப்பு 0.096 சதுர சென்டிமீட்டர், ஆகவே 785இல் ஏறத்தாழ 28 மில்லிவாட். இது தோலுக்கு மட்டும். கண்ணின் எல்லை மிகவும் குறைவு, தனிக் கணக்கு. தொடர் ஒளிக்கான எண்ணைத் துடிப்பு லேசருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

உணரியைத் தோலில் அழுத்தினால் அடியிலுள்ள ரத்தம் விலகிவிடும், ஹீமோகுளோபின் குறைந்ததுபோல் தெரியும். எடை தெரிந்த பிடிப்பான் அல்லது மென்பஞ்சு வளையம் வைத்து எல்லாருக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கச் செய்யுங்கள். முடியும் நகப்பூச்சும் தடை.

தோலின் நிறத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். 660, 940 நானோமீட்டர் ஒளியால் இயங்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படைக் கருத்தை டாகுவோ ஆவோயாகி ஜப்பானில் 1974இல் வெளியிட்டார். அது உலகமெங்கும் பரவிப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு, 2020இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கறுப்பினத்தவரிடம் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை அந்தக் கருவி வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதைக் காட்டியது. மெலனின் ஒளியை உறிஞ்சும் என்பது பாடநூலிலேயே உள்ள செய்தி. உங்கள் முதல் ஃபேன்டத் தொகுதியிலேயே மேலடுக்கில் வெவ்வேறு உறிஞ்சல் கொண்ட மெல்லிய படலங்களைச் சேருங்கள். பங்கேற்பாளர்களிலும் எல்லா நிறத்தவரும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

மருத்துவமனைக்குக் கருவியைக் கொண்டுபோகும் முன், அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஆய்வகத்தைச் சுற்றி உருட்டிவிட்டு, ஃபேன்டத்தை மறுபடி அளங்கள். எண் மாறினால் எதுவோ தளர்ந்திருக்கிறது. அதே ஃபேன்டத்தைக் கூடவே எடுத்துச் சென்று, ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் அளந்துவிடுங்கள்.

குறிப்பேடு

லேசர் மின்னோட்டம், மாதிரியின் இடத்தில் அளந்த திறன், வெளிப்பாட்டு நேரம், ஃபில்டர்கள், ஃபேன்டத்தின் எண், அறை வெப்பநிலை ஆகியவை ஒவ்வொரு அளவீட்டிலும் பதிவாக வேண்டும். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே அடுக்காகிக்கொள்ளும். 'புதியது', 'கடைசி' போன்ற பெயர்கள் வேண்டாம். நோயாளியின் பெயர் எந்தக் கோப்பிலும் வரக் கூடாது, குறியீட்டு எண் மட்டும் போதும். மூலத் தரவைப் படிக்க மட்டும் என்று பூட்டி, அன்றே வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

மேசையைக் கலைக்கும் முன் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படமெடுங்கள். ஒவ்வொரு லென்ஸின் குவியத் தூரத்தையும் அதன் மவுன்டிலேயே ஒட்டி எழுதுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த பிறகு 75 மில்லிமீட்டர் லென்ஸும் 100 மில்லிமீட்டர் லென்ஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.